விட்டால் ஓட வேண்டும் கயிறு: ஒரு சிறு பாய்ப்படகில் கப்பி மாற்றிய கதை

எங்கள் பதினான்கு அடிப் பாய்ப்படகில், பெரிய பாயின் அடிவிளிம்பைப் பிடித்திருக்கும் கம்பமான பூம் இப்போது தானாகவே வெளியே போகிறது. இதெல்லாம் ஒரு செய்தியா என்று கேட்பவர்கள் சிங்கப்பூர்க் கடலில் பாய் விரித்திருக்க மாட்டார்கள். வடகிழக்குப் பருவக்காற்று ஓய்ந்து, தென்மேற்கு இன்னும் பிடிக்காத ஏப்ரல், மே மாதங்களில் சாங்கிப் பக்கம் நான்கைந்து நாட் (மணிக்குக் கடல் மைல்) வேகத்தில் காற்று கிடைத்தாலே பெரிது. காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு ஓடும்போது கயிற்றைத் தளர்த்தினால், பாய் அந்தச் சொற்பக் காற்றைப் பிடித்து பூமைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு போக வேண்டும். எங்கள் படகில் போகாது. கயிறு கப்பிகளிலேயே நின்றுவிடும். கூட்டாளி எழுந்துபோய் பூமைக் கையால் தள்ளுவார். அவர் எழுந்ததில் படகு ஆடி, பாயில் இருந்த கொஞ்சக் காற்றும் உதறிப் போய்விடும்.

படகு இரண்டாம் கையாக வந்தது. அதோடு வந்த கப்பிகள் எல்லாம் பேரிங் இல்லாத சாதா ரகம்: நைலான் சக்கரம், நடுவில் எஃகு அச்சு, இரு பக்கமும் தகடு. பெரிய பாயை இழுத்து விடும் மெயின்ஷீட் கயிறு நான்கு கப்பிகளில் ஏறி இறங்குகிறது. பூமில் இரண்டு, படகின் குறுக்கே தண்டவாளத்தில் நகரும் டிராவலர் வண்டியில் ஒன்று, படகின் தரையில் ஒன்று. கயிற்றின் முனை வண்டியில் கட்டப்பட்டிருக்கிறது. கணக்குப்படி நாம் ஒரு கிலோ இழுத்தால் பூமில் நான்கு கிலோ இழுவை விழ வேண்டும்.

கணக்கை நம்பாமல் நிறுத்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. திருச்சி விமானத்துக்குப் பெட்டி கட்டும்போது எடை பார்க்கும் தொங்கு தராசு எல்லார் வீட்டிலும் கிடக்கும். படகுக் கொட்டகையின் உத்தரத்தில் நான்கு கப்பிகளையும் தலைகீழாகக் கட்டினேன். தரைக் கப்பியும் வண்டிக் கப்பியும் மேலே, பூம் கப்பிகள் இரண்டும் ஒரு குறுக்குக் கம்பில் கீழே. அந்தக் கம்பில் ஒரு வாளி. வாளியும் தண்ணீரும் சேர்த்து 10 கிலோ. கயிற்றின் கைமுனையில் தராசு. உராய்வே இல்லையென்றால் இழுக்கும்போதும் விடும்போதும் தராசு 2.5 கிலோ காட்ட வேண்டும்.

வாளியை மெதுவாக மேலே தூக்கும்போது தராசு 4 கிலோ காட்டியது. மெதுவாக இறக்கும்போது 1.5 கிலோ. தராசு நிற்கும்போது படிக்கக் கூடாது. கயிறு நகர்ந்துகொண்டிருக்கும்போது படிக்க வேண்டும், அதுவும் ஒரே வேகத்தில். இழுக்கும் எடையைத்தான் எல்லாரும் கவனிப்பார்கள், கை வலிக்கிறதே என்று. எங்களுக்கு வேண்டியதோ அந்த இரண்டாவது எண். பத்துக் கிலோ தொங்கும்போதே கயிற்றில் ஒன்றரைக் கிலோதான் கைக்கு வந்து சேர்கிறது என்றால், நான்கு நாட் காற்றில் பாய் தரும் சிறு தள்ளுதலில் என்ன மிஞ்சும்? நனைந்த கயிற்றின் சொந்த எடையே அதை விழுங்கிவிடும்.

கப்பிகளைப் பிரித்தேன். பக்கத் தகட்டைப் பிடித்திருந்த ரிவெட்டின் தலையை 4 மி.மீ. துரப்பணத்தால் எடுத்ததும் சக்கரம் வெளியே விழவில்லை. மரச்சுத்தியால் தட்டித்தான் கழற்ற வேண்டியிருந்தது. பழைய சொந்தக்காரர் நல்லெண்ணத்தில் கிரீஸ் போட்டிருக்கிறார். அந்தக் கிரீஸ் சாங்கி மணலையும் உப்பையும் சேர்த்துப் பிடித்து, விரலில் எடுத்துத் தேய்த்தால் நறநறக்கும் சாம்பல் நிறப் பசையாகிவிட்டது. அச்சில் வட்ட வட்டமாகக் கீறல். கிரீஸைத் துடைத்த பிறகும் சக்கரம் அச்சில் இறுக்கமாகவே சுற்றியது. நைலான் தண்ணீரை உறிஞ்சி உப்பும் சரக்கு. நம் ஊர் ஈரப்பதத்தில், கடல் தண்ணீரிலேயே ஊறிக் கிடந்தால் துளை சுருங்கி அச்சை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அசெட்டால் என்ற பிளாஸ்டிக் மிகக் குறைவாகவே தண்ணீர் குடிக்கும். நல்ல கப்பிகளில் சக்கரமும் அதனுள் உருளும் பேரிங் குண்டுகளும் அதனால்தான் அந்த ரகத்தில் வருகின்றன.

மலிவாக முடித்துவிடப் பார்த்த ஒரு கட்டமும் உண்டு. ஜாலான் புசார் பக்கம் இரும்புச் சாமான் கடைகளில், உள்ளே பால் பேரிங் வைத்த சிறு சக்கரக் கப்பிகள் கிடைக்கின்றன. ஒன்று 9.50 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), நான்கு 38 வெள்ளி. 'ஸ்டெயின்லெஸ், துருவே பிடிக்காது' என்றார் கடைக்கார அங்கிள். கொட்டகையில் தராசு வைத்தபோது பிரமாதமான எண்கள்தான் வந்தன. கடலில் சில வாரம் போனதும் வெள்ளைக் கயிற்றில் செம்பழுப்புக் கறை. 'அண்ணே, கயிறு ரத்தம் கக்குகிறது' என்றார் கூட்டாளி. அதற்குப் பிறகு ஒரு சக்கரம் அசையவே இல்லை. வெளித்தகடு நல்ல எஃகுதான். உள்ளே இருந்த பேரிங் அப்படி இல்லை. குண்டும் அது உருளும் தடமும் கடினமாக இருக்க வேண்டும், கடினத்துக்குக் கரிமம் கூடுதலாக வேண்டும், கரிமம் கூடினால் உப்புத் தண்ணீருக்குத் தாங்கும் சக்தி குறையும். கப்பல் சாமானுக்கு ஏற்ற 316 ரக எஃகைச் சூடுபடுத்திக் கடினமாக்க முடியாது. கடைக்கே ஒரு காந்தத்தைக் கொண்டுபோயிருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும். தகட்டில் ஒட்டாத காந்தம் பேரிங்கில் நச்சென்று ஒட்டும்.

எஃகுக் குண்டுக்குப் பதில் பிளாஸ்டிக் குண்டு என்பது 1960களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் விஸ்கான்சினில் பீட்டர், ஓலாஃப் ஹார்க்கன் சகோதரர்கள் பாய்ப்படகுக் கப்பிகளில் பரப்பிய யோசனை. எடை குறைவு, துரு இல்லை, எண்ணெய் வேண்டாம், தண்ணீரே போதும். இன்று எந்த நிறுவனத்தின் சிறு படகுக் கப்பியை எடுத்தாலும் கிட்டத்தட்ட இதே அமைப்புதான்: சக்கரத்துக்கும் நடு வளையத்துக்கும் இடையே அசெட்டால் குண்டுகள் ஒரு வரிசை, திறந்த பக்கம், உள்ளே புகுந்த தண்ணீர் அப்படியே வெளியே ஓடிவிடும்.

கப்பி தேர்ந்தெடுக்கும்போது பலரும் 'எங்கும் பேரிங் போட்டுவிடலாம்' என்று கிளம்புவார்கள். அது பணத்துக்கும் கேடு, கப்பிக்கும் கேடு. பிளாஸ்டிக் குண்டுகள் ஓடும் கயிற்றுக்கானவை. சுமை ஏறி இறங்கும், சக்கரம் இடைவிடாமல் சுற்றும், அதனால் எந்தக் குண்டும் ஒரே இடத்தில் நசுங்கிக் கிடக்காது. மெயின்ஷீட்டுக்கும் டிராவலருக்கும் முன்பாயின் கயிற்றுக்கும் இது சரி. பாயை மேலே ஏற்றிக் கட்டிவைக்கும் கயிறு வேறு. பூம் மேலே எழாமல் கீழ்நோக்கிப் பிடித்திருக்கும் கிக்கரும் வேறு. அவற்றில் சுமை மணிக்கணக்கில் ஒரே நிலையில் நிற்கும். அங்கே குண்டுக் கப்பி போட்டால், வெயிலில் சூடாகி இளகிய குண்டுகள் சுமை விழும் இடத்தில் தட்டையாகும். பிறகு சக்கரம் கடகடவென்று பல் தட்டுகிற மாதிரி சுற்றும். அங்கே குண்டில்லாத சாதா கப்பியே நல்லது. எங்கள் கிக்கரில் பழைய சாதா கப்பிகளையே, சக்கரங்களை மட்டும் அசெட்டாலில் மாற்றி வைத்துக்கொண்டோம்.

அளவு விஷயத்தில், சக்கரம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு உராய்வு குறைவு, ஆனால் விலையும் எடையும் ஏறும். எங்கள் படகுக்கு 40 மி.மீ. போதும். அந்த அளவுக் கப்பிகள் பொதுவாக 10 மி.மீ. கயிறு வரை ஏற்கும், 200 கிலோவுக்குச் சற்று மேல் வேலைச்சுமை தாங்கும். கப்பி மேல் விழும் சுமை கயிற்றின் சுமை அல்ல என்பதை மட்டும் மறக்கக் கூடாது. கயிறு முழுதாகத் திரும்பி வந்த வழியே போனால் கப்பிக்கு இரண்டு மடங்கு. 90 பாகை திரும்பினால் சுமார் 1.4 மடங்கு, 60 பாகை என்றால் கயிற்றில் உள்ள அதே அளவு. இன்னொன்று: மெயின்ஷீட்டை பூமின் நுனியில் கட்டாமல் நடுவில் கட்டினால், அதே பாயைப் பிடிக்கக் கயிற்றுக்கு இரு மடங்கு சுமை. நுனியில் கட்டும் படகுக்காரர் 'எனக்கு 29 மி.மீ. போதுமாக இருக்கிறதே' என்று சொல்வதைக் கேட்டு, நடுவில் கட்டும் நாம் வாங்கிவிடக் கூடாது.

தரைக் கப்பி மட்டும் 57 மி.மீ. ராட்செட். இதன் சக்கரம் வழவழப்பான வட்டமாக இருக்காது, பல முகப்புகளோடு இருக்கும். இழுக்கும்போது கிளிக் கிளிக்கென்று சுற்றும், விடும் திசையில் சுற்றாது. கயிறு முகப்புகளில் பிடித்துக்கொள்வதால் கைக்குப் பாரம் குறையும். காற்று பலமாக இருக்கும்போது வரம். காற்றில்லாத நாளில் இதே ராட்செட்தான் பூமைப் போகவிடாமல் பிடித்துவைக்கும் முதல் எதிரி. அதனால் பக்கத்தில் இருக்கும் பொத்தானை அணைத்துவிட வேண்டும். சுமை ஏறினால் தானே பூட்டிக்கொள்ளும் ரகமும் உண்டு. விலையைப் பார்த்துவிட்டுப் பொத்தான் ரகத்தோடு நின்றுகொண்டோம். கயிறு எந்தப் பக்கமாக நுழைகிறது என்று பார்த்துக் கோக்க வேண்டும். தலைகீழாகக் கோத்தால் கிளிக் சத்தம் விடும்போது கேட்கும், பிடிப்பு சுத்தமாக இருக்காது.

செலவைச் சொல்லிவிடுகிறேன். பூமுக்கு 40 மி.மீ. கப்பி இரண்டு, தலா 34 வெள்ளி. வண்டிக்குக் கயிற்று முனை கட்டும் வளையத்தோடு ஒன்று, 43. ராட்செட் 118. மென்மையான உறை கொண்ட 8 மி.மீ. பாலியெஸ்டர் கயிறு பத்து மீட்டர், 38. டிராவலருக்கு உதிரிக் குண்டுகள் ஒரு பொட்டலம், 14. பேரிங்குக்கு விடும் சொட்டுத் திரவம் ஒரு குப்பி, 26. ஆக 307 வெள்ளி. கொரியர் 24 சேர்த்து 331. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் வரி மிச்சம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 2023 ஜனவரி முதல் 400 வெள்ளிக்கு உட்பட்ட விமானப் பொட்டலங்களுக்கும் ஜிஎஸ்டி உண்டு. 2024 முதல் அது 9 விழுக்காடு. மேலே சொன்ன விலைகள் வரி சேர்ந்தவை. கூட்டாளியோடு பாதிப் பாதி.

பொருத்துவதில் நேரம் பிடித்தது கப்பி அல்ல, அது நிற்கும் கோணம். பழைய அமைப்பில் பூம் கப்பிகள் விறைப்பான எஃகு வளையத்தில் ஷேக்கிளால் (ஆணி செருகி மூடும் எஃகுக் கொக்கி) மாட்டப்பட்டிருந்தன. பூம் வெளியே போகப் போகக் கயிறு சாய்வாக வந்து பக்கத் தகட்டில் உரசும். தகட்டின் உள்விளிம்பில் கயிறு அறுத்த பள்ளமே இருந்தது. எவ்வளவு நல்ல பேரிங்கானாலும் கயிறு தகட்டில் உரசினால் பயனில்லை. ஷேக்கிள்களை எடுத்துவிட்டு டைனீமா என்ற வலுவான செயற்கை இழையில் செய்த 3 மி.மீ. கயிற்றால் பூமைச் சுற்றிக் கட்டினேன். கப்பி தன் சுமைக்கு ஏற்பத் தானே திரும்பிக்கொள்கிறது. டைனீமா வழுக்கும் கயிறு, சாதா முடிச்சு நிற்காது. நான்கைந்து சுற்றுச் சுற்றி, குறுக்கே இறுக்கி, முடிச்சுக்குப் பின் விரற்கடை அளவு வால் விட்டு, வாலைத் தைத்துவிட்டேன்.

ஷேக்கிள்களைக் கழற்றும்போது இன்னொன்றும் கண்ணில் பட்டது. பழையவர் அவற்றின் ஆணிகள் கழன்றுவிடாமல் இருக்கக் கறுப்பு மின்நாடாவைச் சுற்றியிருந்தார். நாடாவுக்கு வெளியே எஃகு பளபளவென்று இருந்தது. நாடாவுக்கு உள்ளே குழி குழியாக அரித்திருந்தது. துருப்பிடிக்காத எஃகைக் காப்பது அதன் மேல் காற்றுப் பட்டு உண்டாகும் மெல்லிய படலம். உப்புத் தண்ணீரை அடைத்துவைத்துக் காற்றை மறித்தால் அந்தப் படலம் ஆறாது. நாடா சுற்றுவதாக இருந்தால் அவ்வப்போது பிரித்துப் பார்க்க வேண்டும்.

டிராவலர் வண்டிதான் இந்த வேலையிலேயே பொறுமையைச் சோதித்த பகுதி. குறுக்கே ஓடும் தண்டவாளத்தில் வண்டியின் இரு பக்கமும் குண்டுகள் வளைய வளையச் சுற்றி வருகின்றன. தண்டவாளத்தின் முனைமூடி உடைந்திருப்பதைப் பார்க்காமல் கூட்டாளி வண்டியைத் தள்ள, பாசி மணி அறுந்ததுபோல் குண்டுகள் கொட்டின. பாதி மணலில், பாதி படகின் வடிகால் துளையில். தேடுவதை விட்டுவிட்டுக் கிடைத்த ஒன்றை வெர்னியரில் அளந்தேன்: 4.76 மி.மீ., அதாவது 3/16 அங்குலம். புதுக் குண்டுகள் வந்ததும் பழையவற்றில் நல்லதாகத் தெரிந்தவற்றையும் சேர்த்துப் போடலாமா என்று ஒரு யோசனை. பழையவற்றை அளந்தால் 4.6, 4.7 என்று ஆளுக்கொரு அளவு. ஒரு வரிசையில் பெரிய குண்டுகளே சுமை முழுவதையும் தாங்கும், சின்னவை சும்மா உருளும். எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றுவதே சரி.

குண்டுகளை ஏற்றும் வேலையைப் படகில் செய்யாதீர்கள். வண்டியை வீட்டுக்கு எடுத்துவந்து, சமையலறை மேசையில் விளிம்புள்ள பெரிய தட்டை வைத்து, தட்டில் ஈரத் துணி விரித்து, அதன் மேல் வேலை செய்தேன். ஈரத் துணியில் குண்டு விழுந்தால் துள்ளாது. வண்டியைச் சாய்த்துப் பிடித்து, திறந்த வாயில் ஒவ்வொரு குண்டாக இடுக்கியால் வைத்து, குச்சியால் சுற்றில் தள்ள வேண்டும். கடைசிக் குண்டுக்கு இடம் இருப்பதுபோல் தெரியும். அதைத் திணிக்கக் கூடாது. அரைக் குண்டு அளவு இடைவெளி இருந்தால்தான் சுற்று ஓடும். தண்டவாளத்தின் அகலத்துக்குச் சீவிய மரத்துண்டு ஒன்றை வண்டிக்குள் செருகி, அப்படியே படகுக்குக் கொண்டுபோய், மரத்துண்டைத் தண்டவாள முனையோடு ஒட்டிப் பிடித்து வண்டியை நகர்த்தினால் ஒரு குண்டும் விழாது. முனைமூடியை முதலில் மாற்றியாயிற்று என்று சொல்லத் தேவையில்லை.

எல்லாம் மாட்டுவதற்கு முன் கொட்டகை உத்தரத்தில் மறுபடி அதே வாளி, அதே 10 கிலோ. புதுக் கப்பிகள், புதுக் கயிறு, ராட்செட் அணைத்த நிலை. தூக்கும்போது 2.8 கிலோ. இறக்கும்போது 2.25. முன்பு இறங்கும்போது கைக்கு வந்தது 1.5 என்பதை நினைத்துப் பாருங்கள். கடையில் கப்பியை விரலால் சுண்டி, எவ்வளவு நேரம் சுற்றுகிறது என்று பார்த்து வாங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: சுமையில்லாமல் சுற்றுவது எதையும் நிரூபிக்காது. பழைய சாதா கப்பி ஒன்றைக் கழுவிக் காயவைத்துச் சுண்டினேன், அதுவும் நன்றாகவே சுற்றியது. சுமையைக் கட்டிப் பார்த்தால்தான் யோக்கியதை தெரியும்.

பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றுமில்லை, ஆனால் விடாமல் செய்ய வேண்டும். கரையேறியதும் குழாய்த் தண்ணீரை நேராகக் கப்பியின் பக்கத்தில் பாய்ச்சி, அதே நேரத்தில் கயிற்றை முன்னும் பின்னும் இழுத்துச் சக்கரத்தைச் சுற்றவைக்க வேண்டும். சுற்றாமல் கழுவினால் மேலே உள்ள உப்புதான் போகும். 'மழை பெய்கிறதே, அதுவே கழுவிவிடும்' என்பது இங்கே எல்லாரும் சொல்லும் சாக்கு. மழை சக்கரத்தைச் சுற்றாது. அவ்வப்போது பாத்திரம் கழுவும் திரவத்தை வெந்நீரில் கலந்து அலசி, நல்ல தண்ணீரில் கழுவி, காய்ந்ததும் பேரிங்குக்கான திரவம் ஒரே ஒரு சொட்டு. இரண்டு சொட்டு விட்டால் இரண்டு மடங்கு ஓடும் என்று நினைக்க வேண்டாம். வழிவது மணலைப் பிடிக்கும். கிரீஸ் கூடவே கூடாது. துருவை இளக்கும் தெளிப்பு எண்ணெய்களும் பிசுக்கை விட்டுப் போகும், அதனால் வேண்டாம். தேக்கு மரத்தைக் கழுவும் அமில, காரத் திரவங்கள் தெறித்தாலும் பிளாஸ்டிக்குக்கு ஆகாது.

2024 ஜூன் 14 அன்று பாசிர் பாஞ்சாங் முனையத்தில் கப்பல் மோதி சுமார் 400 டன் எண்ணெய் கடலில் கலந்து, ஈஸ்ட் கோஸ்ட் கரை வரை கறுத்த சமயத்தில், எண்ணெய் பட்ட கயிறு, கப்பிகளை எதில் கழுவுவது என்று அந்தப் பக்கத்து நண்பர்கள் சிலர் கேட்டார்கள். தின்னரை எடுக்கப் போனவரைத் தடுத்து, வெந்நீரும் பாத்திரத் திரவமும் பழைய பல்துலக்கியும் போதும் என்றோம். கயிறு தேறவில்லை, கப்பிகள் தேறின.

அடுத்த முறை செய்தால் மாற்றக்கூடியவை சில. காற்றில்லாத மாதங்களுக்கு 6 மி.மீ. கயிறு ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்வேன், 8 மி.மீ. கைக்குச் சுகம், ஆனால் நனைந்தால் கனக்கிறது. அலுமினிய பூமில் எஃகுத் திருகு இறங்கிய இடங்களில் வெள்ளைப் பொடி பூத்திருந்தது. கப்பிகளைக் கழற்றிய கையோடு அந்தத் திருகுகளையும் எடுத்து, இரு உலோகமும் நேரே தொடாதபடி தடுப்புப் பசை தடவி மாட்டியிருக்கலாம். இப்போது அதற்காகப் பாதியைப் பிரிக்க வேண்டியிருக்கிறது.

மெயின்ஷீட் இப்போது வழுக்கிக்கொண்டு ஓடுவதில் ஒரு புதுத் தொல்லையும் வந்திருக்கிறது. தரைக் கப்பிக்கு முன்னால் கயிற்றைக் கடித்துப் பிடிக்கும் கேம் கிளீட்டின் ஸ்பிரிங்குகள் தளர்ந்திருப்பது முன்பு தெரியவில்லை, கப்பிகளின் உராய்வே பாதிப் பிடிப்பைத் தந்துகொண்டிருந்தது. இப்போது பலத்த காற்றில் கயிறு கிளீட்டிலிருந்து மெல்ல நழுவுகிறது. ஸ்பிரிங் ஜோடி 9 வெள்ளி. கப்பிகளோடு சேர்த்துச் சொல்லியிருந்தால் இரண்டாவது கொரியர் செலவு மிஞ்சியிருக்கும் என்று கூட்டாளி கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.